புழுங்கல் கோதுமை: சேலத்து மொட்டைமாடியில் புர்குல்

கோதுமை ரவையை ஊறவைத்தாலே லெபனான் நாட்டுத் தபூலே சாலட் செய்துவிடலாம் என்று பல சமையல் குறிப்புகள் சொல்கின்றன. நம் கடைகளில் கிடைக்கும் ரவையில் அது நடக்காது. எவ்வளவு ஊறினாலும் பச்சை மாவு வாடை போவதில்லை. அங்கே கேட்கப்படுவது வெறுமனே உடைத்த கோதுமை அல்ல, அவித்து உலர்த்திய பிறகு உடைத்தது. துருக்கியில் அது புல்குர், அரபியில் புர்குல், கிரேக்கத்தில் ப்ளிகூரி. ஒரே சொல்தான், ஊருக்கு ஊர் ஒலி மாறியிருக்கிறது.

வடக்கே தலியா என்று சொல்லும் உடைத்த கோதுமை வேறு. இந்தியில் தல்னா என்றால் திருகையில் கொரகொரப்பாக உடைப்பது. பருப்பைக் குறிக்கும் தால் என்ற சொல்லும் அந்த வேரில் பிறந்ததுதான். நம் நொய்யும் உடைந்த சிறுமணியையே குறிக்கிறது. தலியாவையும் நொய்யையும் உடைக்க அடுப்பு தேவையில்லை. புர்குலுக்கு அடுப்பில்தான் தொடக்கம். இதை விளக்கியதும் அத்தை, "நெல் அவிப்பது போலத்தானே கண்ணு?" என்று கேட்டார். அதேதான். புழுங்கலரிசி தெரிந்த வீட்டுக்கு இதற்கு மேல் பாடம் தேவையில்லை.

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் சம்பா கோதுமையை முழுமணியாகவே வாங்கினேன். துருக்கியில் புல்குரைப் பெரும்பாலும் டுரம் என்னும் கடினக் கோதுமையில் செய்கிறார்கள். நம் சம்பா, எம்மர் என்னும் பழங்காலக் கோதுமை வகை. இரண்டுக்கும் 28 குரோமோசோம்கள். சப்பாத்திக் கோதுமைக்கு 42. உறவு நெருக்கம் என்பதால் சம்பாவையே நம்பினேன்.

அரித்து, மூழ்கத் தண்ணீர் விட்டு, மணி உப்பி நடுவில் வெள்ளை மறையும்வரை வேகவைத்தேன். வெடித்துக் குழைவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். தண்ணீரை வடித்து, மாடியில் பழைய வேட்டி விரித்து மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி துழாவினேன். களங்களில் ஜவ்வரிசியைக் காயவைக்கும் சேலத்து வெயிலுக்கு இது பெரிய வேலையே இல்லை. ஏற்காட்டில் தங்கை வீட்டில் செய்தபோது பிற்பகலில் மூடுபனி இறங்கியது. மணிகள் பிசுபிசுத்துப் புளித்த வாடை அடித்தன. 1,500 மீட்டர் உயரத்தில் காப்பிக்கு உகந்த குளிர் இதற்கு ஆகாது.

நன்றாகக் காய்ந்த மணி கல்லாக இருக்கும், பல்லில் வைத்தால் டக்கென்று உடையும். உடைந்த இடத்தைப் பாருங்கள். பச்சைக் கோதுமையில் வெண்மாவு உதிரும். இதில் மாவே இல்லை, தேன் நிறத்தில் கண்ணாடிச் சில்லுபோல் பளபளக்கிறது. அவிக்கும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கூழாகி, காயும்போது ஒன்றாக இறுகிவிடுவதுதான் காரணம். ஊறவைத்தாலே தின்னக்கூடிய பதம் வருவதும் அதனால்தான்.

பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் மெதுவாகக் குத்தி, முறத்தில் உமியைப் புடைத்தெடுத்தேன். மறுபடி ஒரு வெயில் காட்டி, அத்தையின் திருகையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உடைத்தோம். சல்லடையில் பெருநொய், சிறுநொய் என்று பிரிந்தது. மாவு மிகக் குறைவு.

சிறுநொய்யை ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக நறுக்கிய கொத்தமல்லி, புதினா, தக்காளி, எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய் சேர்த்தேன். லெபனானில் கொத்தமல்லிக்குப் பதில் பார்ஸ்லி கீரையும், நல்லெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெயும். மணம் வேறுதான், ஆனால் பச்சை வாடை துளியும் இல்லை. பெருநொய்யை வெங்காயம் தாளித்து இரண்டு பங்கு நீரில் வேகவைத்தோம், பொலபொலவென்று வந்தது.

அடுத்து சப்பாத்திக் கோதுமையை இதே முறையில் அவித்துப் பார்க்கப் போகிறேன். உடைந்த இடம் இதே தேன் நிறத்தில் வருகிறதா, சம்பாவை விட மாவு கூடுதலாக உதிர்கிறதா என்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.