ஒரு பெயரைச் சொன்னது பற்றி

"அந்த அறிக்கையை எழுதியவர் யார்?" என்று தலைமையகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். நான் பெயரைச் சொன்னேன். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருந்திருக்காது. பணி ஓய்வு பெற்ற பிறகும் மனம் அந்த இடத்திலேயே போய் நிற்கிறது.

என் மண்டலத்துக்கு உட்பட்ட விமான நிலையம் ஒன்றில், ஆய்வு வாகனம் ஓடுபாதையில் இருக்கும்போதே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் விமானத்துக்குத் தரையிறங்க அனுமதி கொடுத்துவிட்டார். வாகனம் உள்ளே போனதும், ஓடுபாதை காலியில்லை என்று நினைவூட்ட, விமான விவரச் சீட்டுகளை அடுக்கும் ஸ்ட்ரிப் பலகையில் வைக்க வேண்டிய சிவப்புப் பட்டையைக் கையில் எடுத்திருக்கிறார். அதற்குள் தொலைபேசி மணி அடித்திருக்கிறது. பட்டை மேசை மேலேயே தங்கிவிட்டது. சில நொடிகளில் தவறை உணர்ந்து, விமானத்தைத் தரையிறங்காமல் மேலெழுந்து சுற்றி வரச் சொல்லிவிட்டார். விமானி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, யாரும் புகார் தரவும் இல்லை. அந்தக் கட்டுப்பாட்டாளர் அவராகவே, பணியில் நேர்ந்த தவறுகளைத் தாமே முன்வந்து தெரிவிக்கும் தன்னார்வ அறிக்கைப் படிவத்தில், பட்டை மேசையில் கிடந்தது உட்பட ஒன்றையும் விடாமல் எழுதி எனக்கு அனுப்பினார். எழுதியவர் பெயர் வெளியே போகாது என்று அந்தப் படிவத்துடன் சுற்றறிக்கை அனுப்பியவன் நான்தான்.

பெயரைக் கொடுத்ததற்கு என்னிடம் காரணம் இல்லாமல் இல்லை. இப்படி ஒரு தவறு நேர்ந்தால், அவரைச் சில நாள் பணியிலிருந்து விலக்கி, மறுபயிற்சி கொடுத்து, தேர்வு வைத்த பிறகே மீண்டும் மைக்கைக் கையில் கொடுக்க வேண்டும். பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அது தண்டனை ஆகாது. தலைமையகமும் அதற்காகத்தான் கேட்கிறது என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. வந்த உத்தரவில் மறுபயிற்சி பற்றி ஒரு வரியும் இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத ஓர் அலுவலகத்துக்கு அவரை மாற்றியிருந்தார்கள். உத்தரவை அவருக்கு அனுப்பும் கடிதத்தில் கையெழுத்திட்டதும் நான்தான்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை, ஏனென்றால் இதைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் நானே பேசியிருக்கிறேன். 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 514 விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அங்கே தரையிறங்க நெருங்கும் அதே வழிமுறையை அதே விதமாகத் தவறாகப் புரிந்துகொண்டு மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அவர்கள் தங்கள் நிறுவனத்துக்குள் சொன்னார்கள். அது மற்றவர்களுக்குப் போய்ச் சேர வழி இல்லாமல் இருந்தது. 1976இல் அமெரிக்காவில் தன்னார்வ அறிக்கை முறை வந்தபோது, அதை நடத்தும் பொறுப்பைத் தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் விடாமல் நாசாவிடம் கொடுத்தார்கள். அங்கே படிவத்தில் பெயர் இருக்கும் துண்டைத் தனியே பிரித்து எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வகுப்பில் நான் மிகவும் விரும்பிச் சொல்லும் விவரம் அது. ஆனால் என் படிவத்தில் கிழித்து எடுக்கத் துண்டு எதுவும் இல்லை. பெயர் என் மேசை இழுப்பறையில் இருந்தது, இழுப்பறையின் சாவி என்னிடம் இருந்தது.

"இது தன்னார்வ அறிக்கை, பெயர் என்னிடமே இருக்கட்டும், மறுபயிற்சிக்கு நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் வற்புறுத்தியிருப்பார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது, ஏனென்றால் வற்புறுத்தும் அளவுக்கு நான் அவர்களைக் காக்க வைக்கவில்லை. கோபுரத்தில் இருந்தவரை ஐயம் வந்தால் அனுமதியை மறுப்பதுதான் என் வழக்கம். நிலையத் தலைவராகி, பிறகு மண்டலத் தலைவரான பின், மேலிருந்து வரும் கேள்விக்கு உடனே பதில் சொல்வதே திறமை என்று ஆகிவிட்டது. எப்போது அப்படி மாறினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

மாறுதலில் போகும் முன் அவர் என்னைப் பார்க்க வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நான் எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, இல்லையா சார்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலத்தான் கேட்டார். நீங்கள் செய்தது சரிதான் என்று நான் ஏதோ தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை; தாம் கேட்டதற்குப் பதில் வரும் என்று நின்றுகொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்த நிலையத்திலிருந்து அறிக்கை எதுவும் வரவில்லை. தவறுகள் நின்றுவிட்டன என்று நான் ஒரு நாளும் நம்பியதில்லை. அவரிடம் அன்று "ஆமாம்" என்று வாய் திறந்து சொன்னேனா, தலையை மட்டும் அசைத்தேனா என்பதும் இப்போது நினைவுக்கு வர மறுக்கிறது.