விலை சொல்வதற்கு முன்னால்

கடலூர் செம்மண்டலத்தைத் தாண்டி, பெண்ணையாற்றுப் பக்கம் ஒரு பழைய வீடு. மூன்று சென்ட் மனை, மாடியில் ஓர் அறை, பின்னால் ஒட்டு மாமரம். 45 லட்சம் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்று புரோக்கர் அண்ணன் நாள் குறித்துவிட்டார். அதற்குள் எங்கள் தரப்பில் என்ன கேட்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

கடலூரில் வாஸ்து பார்க்கிறோமோ இல்லையோ, தண்ணீர் எதுவரை ஏறியது என்று பார்த்தே ஆக வேண்டும். இந்த வீட்டு ஹாலில் பிளக் பாயிண்ட் எல்லாம் என் தோள் உயரத்தில் இருக்கின்றன. சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், ஆனால் பீரோவை நகர்த்தாமலே அடித்திருக்கிறார்கள். இடுக்கில் எட்டிப் பார்த்தால், முழங்காலுக்குச் சற்று மேலே பழுப்பாக ஒரு கோடு. "சின்னப் பிள்ளைங்க கை வைக்கக் கூடாதுன்னு பிளக்கை மேல வெச்சிருக்காங்கம்மா" என்றார் புரோக்கர். சரி, மோட்டாரை எதற்கு இடுப்பளவு திண்டு கட்டி ஏற்றி வைத்திருக்கிறார்கள்?

எதிர்வீட்டுப் பாட்டி எதையும் மறைக்கவில்லை. "2015ல தண்ணி வாசப்படியோட நின்னுடுச்சும்மா. ஃபெஞ்சல் புயலப்போ சாத்தனூர் டேமைத் தொறந்தாங்களே, அப்பத்தான் உள்ள பூந்துடுச்சு." அது 2024 டிசம்பர். தானே புயலையே பார்த்த ஊர்க்காரி நான், இதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆற்றோரத்து வீட்டுக்கு மேட்டுத்தெரு விலை கொடுக்கவும் மாட்டேன்.

வில்லங்கச் சான்று ஆன்லைனிலேயே போட்டுப் பார்த்தாயிற்று, அடமானம் எதுவும் இல்லை. பட்டாதான் இன்னும் ஓனருடைய அப்பா பெயரில் இருக்கிறது. பெரியவர் உயில் எழுதாமல் போய்விட்டார், அம்மாவும் இல்லை. சென்னையில் ஓர் அக்கா இருக்கிறாராம். "அக்காவுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு" என்கிறார் ஓனர். செய்திருக்கலாம். சீர் செய்ததும் பாகம் கொடுத்ததும் ஒன்றாகிவிடுமா? மகளுக்கும் சம பங்கு உண்டு. வாரிசுச் சான்றும் அந்த அக்காவின் கையெழுத்தும் இல்லாமல் அக்ரிமெண்ட் கிடையாது. "ரெண்டு லட்சம் ரொக்கமா கொடுத்துப் பிடிச்சு வெச்சிடலாம்" என்ற யோசனையையும் தள்ளிவிட்டேன். வீட்டு அட்வான்ஸில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறினால் வருமான வரிச் சட்டப்படி தப்பு.

இனி பணம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் பேங்க் தராது. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. முத்திரைத்தீர்வையும் மாற்றுத்தீர்வையும் சேர்ந்து 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 40 லட்சத்துக்கு முடிந்தால் கையிலிருந்து 8 லட்சம், பத்திரத்துக்கு 3.6 லட்சம், புரோக்கருக்கு ஒரு சதவீதம். மொத்தம் 12 லட்சம். எங்களிடம் இருப்பது, என் சங்கிலியையும் சேர்த்து, பன்னிரண்டரை. 45 என்றால் பதிமூன்றரை வேண்டும், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பேங்க் இன்ஜினியர் பழைய கட்டடத்துக்கு மதிப்பைக் குறைத்துப் போட்டால் இன்னும் துண்டு விழும்.

அதனால் முதலில் 36 கேட்பேன். 39 வரை ஏறலாம், 40க்கு மேல் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். பேச்சை நான்தான் பேசுவேன் என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாமரத்தைப் பார்த்ததிலிருந்து அவர் முகத்திலேயே ஆசை தெரிகிறது, அதைப் பார்த்த உடனே ஓனர் 45இல் நின்றுவிடுவார்.