அழகர் இறங்குற வெயிலில் நட்ட கத்தரி

போன வருடம் சித்திரைத் திருவிழாவுக்கு ஜெராக்ஸ் கடையை நான்கு நாள் பூட்டியிருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. திருநகர் வீட்டு மொட்டை மாடியில் தோட்டம் போட்டுவிடலாம் என்று 10 பைகள், 5 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி இரண்டு, கத்தரி நாற்று 12 வாங்கி வந்தேன். உசிலம்பட்டிப் பக்கம் காட்டு வேலை பார்த்து வளர்ந்த என் ஆத்தா ஒரு தடவைதான் சொன்னாள்: "அழகர் ஆத்துல இறங்குற வெயிலுல எவன்டா நாத்து நடுவான்?"

கேட்டிருக்கலாம். பத்தே நாளில் 9 நாற்று சருகாகிவிட்டது.

வெயில் மட்டும் காரணமில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. பிழைத்திருந்த மூன்றிலும் இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தாற்போல் இருந்தது. அது உப்பு. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை, அதனால் நமக்கு நார்க்கழிவு சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் கழுவாத நார்க்கழிவில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தடவை கட்டியைப் பெரிய டப்பில் ஊறப்போட்டேன். முதல் தண்ணீர் கடுங்காப்பி மாதிரி வந்தது. வடித்து, மறுபடி ஊற்றி, ஐந்தாவது தண்ணீர்தான் ஓரளவு தெளிந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீரும் உப்புதான் என்பதால் கடைசி அலசல் மட்டும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில். இப்போது என் கலவை இதுதான்: நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணி உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. வெறும் மண்ணை நிரப்பாதீர்கள். பை கனத்துப் போகும், தண்ணீரும் இறங்காது. பைகளுக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் தளத்தில் ஈரம் தங்காது.

மூன்றாவது தப்பு பாசத்தால் செய்தது. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை தண்ணீர் விட்டேன். ஆத்தா மேலே வந்து பைக்குள் விரலை இரண்டு கணு வரை விட்டுப் பார்த்தாள். "சேத்துல நிக்குதுடா வேரு." இப்போது தினமும் வெள்ளென மாடிக்குப் போனதும் நானும் அதைத்தான் செய்கிறேன். விரலில் ஈரம் ஒட்டினால் வாளியைத் தொடுவதில்லை.

ஆடியில் மறுபடி ஆரம்பித்தோம். ஆடிப்பட்டம் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். மேற்கிலிருந்து அடிக்கிற அடியில் இளஞ்செடி முறிந்துவிடும். பைகளை மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்ததில் காற்றுக்கும் மறைவு, சாயங்கால வெயிலுக்கும் மறைவு.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் தக்காளியில் இறங்க வேண்டாம், கீரையைப் போடுங்கள். சிறுகீரை விதையைக் காய்ந்த மணலோடு கலந்து தூவ வேண்டும், இல்லையென்றால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். தண்ணீரைச் செம்பில் ஊற்றாமல் கையால் தெளியுங்கள். 25 நாளில் பிடுங்கிக் கடைந்துவிடலாம். முதல் வெற்றி சீக்கிரம் வந்தால்தான் அடுத்து மாடி ஏற மனசு வரும்.

அடுத்தது வெண்டை. நாற்று வேண்டாம், விதையை ராத்திரி ஊறவைத்து நேராகப் பையில் ஊன்றலாம். 45 நாள் வாக்கில் காய் வரும். ஆனால் ஒரு செடியில் ஒரு நேரத்துக்கு ஒரு காய், ஒன்றுவிட்டு ஒரு நாள், அவ்வளவுதான். நான் இரண்டு செடி வைத்துவிட்டு இரண்டு காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எட்டுச் செடி இருந்து, இரண்டு பறிப்பைச் சேர்த்தால்தான் நாலு பேருக்கு ஒரு வேளை வெஞ்சனம். ஊருக்குப் போய் நாலு நாள் பறிக்காமல் விட்டால் காய் விறகுதான்.

வெண்டைத் தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். கொழுந்தின் மடிப்பில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக இருக்கும். ஆத்தா பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தே எடுத்துவிடுவாள். நான் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசல் சில சொட்டும் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கிறேன். அவள் வைத்தியத்துக்குத்தான் பலன் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காசு மிச்சமா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். இல்லை. பை, உரம், நார்க்கழிவு வாங்கிய காசுக்குப் பரவை மார்க்கெட்டில் மாதக்கணக்கில் வெண்டைக்காய் வாங்கியிருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகு துணிந்து நான்கு தக்காளி வைத்தேன். பழுக்க ஆரம்பித்த அன்றைக்குத் திருப்பரங்குன்றம் மலைப் பக்கமிருந்து மயில் ஒன்று வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. விரட்ட ஓடினேன். ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டாள். "முருகன் வண்டிடா, திங்கட்டும்." மூன்று பழத்தைக் கொத்திவிட்டுப் போனது. மறுநாள் அவளே என்னிடம் காசு கொடுத்து வலை வாங்கிவரச் சொன்னாள்.