அலுமினியத்துக்குள் முறிந்த போல்ட்டை எடுத்த கதை

வெள்ளிக்கிழமை மாலை. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) மாற்றுவது அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் போனட்டைத் திறந்தேன். வீட்டுக் கார் 2004 மாடல், மூன்று சிலிண்டர். ஒரு வாரமாகவே சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டு போனது. தெர்மோஸ்டாட் மூடியை எஞ்சினின் அலுமினியத்தோடு பிடித்திருப்பவை இரண்டே இரண்டு 6 மி.மீ. போல்ட். 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போட்டேன். முதல் போல்ட் முனகிக்கொண்டே வந்துவிட்டது. இரண்டாவது அசைந்தது, அப்புறம் கைக்கு ஒரு குழைவு தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். 'டிக்' என்று தலை மட்டும் ஸ்பேனரோடு வந்தது.

அந்தக் குழைவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரை உண்மையிலேயே திரும்பினால் கைக்கு ஒரு சரசரப்பு கிடைக்கும். மரை அப்படியே நிற்க, போல்ட்டின் உடம்பு மட்டும் முறுக்கிக்கொண்டால் ஈரக்கயிற்றைத் திருகுவது போல இருக்கும். அப்படித் தெரிந்த நொடியில் கழற்றுவதை விட்டு, இறுக்கும் பக்கமாகக் கால் சுற்று திருப்பி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும்.

காரணம் தண்ணீர். நாங்கள் இருப்பது தூத்துக்குடி. கிணற்றுத் தண்ணீர் உப்பு. கார் எங்கள் கைக்கு வருமுன் கூலன்ட்டுக்குப் பதில் அதைத்தான் ஊற்றியிருக்கிறார்கள் என்று ரேடியேட்டர் மூடிக்கு அடியில் இருந்த வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே தெரிந்தது. இரும்பு போல்ட்டும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அப்போது உண்டாகும் வெள்ளைப் பொடி மரை இடுக்கில் உப்பி, போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை மூடியை மரச்சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினேன். 8 மி.மீ. தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. சின்ன கேஸ் டார்ச்சால் தண்டைவிட்டுச் சுற்றியிருந்த அலுமினியத்தைச் சூடாக்கினேன். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும், அதனால் பிடி தளரும். (பெட்ரோல் குழாய்ப் பக்கம் ஈரச்சாக்கு போட்டு, தீயணைப்பானைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் செய்தேன்.) வைஸ் கிரிப் (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் குறடு) மாட்டித் திருப்பியதும் தண்டு மறுபடி முறிந்தது, இந்த முறை மட்டத்தோடு மட்டமாக.

இனி டிரில்தான். ஈஸி அவுட் (முறிந்த போல்ட்டில் துளை போட்டு, அதற்குள் செருகித் திருகி எடுக்கும் கருவி) வாங்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். இவ்வளவு மெல்லிய போல்ட்டுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே போகும் ஈஸி அவுட் 3 மி.மீ. அளவில் இருக்கும், போல்ட்டே அசையாதபோது அது முறிந்துவிடும். முறிந்தால் அந்தக் கடினமான எஃகைச் சாதாரண டிரில் பிட் தொடவே தொடாது.

என் பயம் வேறு. அலுமினியம் மெத்து, போல்ட் கெட்டி. பிட் நடுவிலிருந்து கொஞ்சம் வழுக்கினாலும் அலுமினியத்தைத் தின்றுகொண்டு ஓரமாக இறங்கிவிடும். திங்கட்கிழமை லேத் பட்டறை அண்ணாச்சியிடம் மூடியைக் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "மூடியையே அச்சா வச்சுக்கோங்க தம்பி" என்றார். போல்ட் துளைக்குள் சிக்கென்று உட்காரும்படி ஒரு எஃகு புஷ் கடைந்து, நட்ட நடுவில் 3 மி.மீ. துளை போட்டுத் தந்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. மொத்த வேலையையும் காப்பாற்றியது அதுதான்.

செவ்வாய் மாலை, தண்ணீர்ப் பாதைக்குள் துணி அடைத்து, நல்ல போல்ட்டால் மூடியைப் பழைய இடத்தில் இறுக்கி, புஷ்ஷை மறு துளையில் வைத்தேன். ஆழம் மீறாமல் இருக்க, கழன்று வந்த போல்ட்டை அளந்து பிட்டில் டேப் சுற்றிக்கொண்டேன். மெதுவான வேகம், ஒவ்வொரு சொட்டாக எண்ணெய். முதலில் பொடியாக வந்த இரும்பு, அப்புறம் சுருள் சுருளாக வந்தபோதுதான் மூச்சு சீரானது. 3 முடிந்ததும் மூடியை எடுத்துவிட்டு 4, கடைசியில் 5. எம்6-க்கு, அதாவது 6 மி.மீ. போல்ட்டுக்கு, மரை வெட்டுமுன் போடும் துளையே 5 மி.மீ. தான். துளை நடுவில் விழுந்திருந்தால் அந்த அளவில் போல்ட்டின் மரை மட்டும் கம்பிச்சுருள் போல மிஞ்சும். மிஞ்சியது! சைக்கிள் ஸ்போக் கம்பியைக் கூராக்கி அதன் நுனியை நெம்பினேன். ஒன்றரைச் சுற்று அப்படியே உருவிக்கொண்டு வந்தது. மீதி துண்டு துண்டாக.

எம்6 டாப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவி) மண்ணெண்ணெயில் நனைத்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று இறக்கினேன். பழைய மரையிலேயே வழி பிடித்துப் போனது. ஹெலிகாயில் (மரை கெட்ட துளைக்குள் வைக்கும் கம்பிச்சுருள்) தேவைப்படவில்லை.

புதன்கிழமை புது தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தேன். 82 என்று முத்திரை. தெர்மாமீட்டர் 83 காட்டும்போது வாய் திறக்கத் தொடங்கியது. புது கேஸ்கெட், இரண்டும் புது போல்ட், மரையில் ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை). அது தடவினால் மரை வழுக்கும் என்பதால் 10 நியூட்டன் மீட்டருக்குப் பதில் 8-இல் டார்க் ரெஞ்சை (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர்) நிறுத்தினேன்.

இருபது நிமிடம் ஓடவிட்டேன். முள் பாதிக்குக் கீழே நின்றது, மூடி ஓரம் காய்ந்தே இருக்கிறது. இப்போதைக்கு உள்ளே கேன் தண்ணீர்தான். ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டரை நன்றாகக் கழுவிவிட்டுக் கூலன்ட் ஊற்ற வேண்டும்.