எந்த வரி?

உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் அடியெடுத்து வைத்த ஒன்பதாம் வகுப்பின் முதல் தமிழ்ப் பாடவேளையில், ஆசிரியர் புறநானூற்றின் 192ஆம் பாடலைக் கரும்பலகையில் முழுவதுமாக எழுதினார். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்னும் தொடக்கம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கணியன் பூங்குன்றனார் அதற்குப் பின்னும் 12 அடிகள் பாடியிருக்கிறார் என்பதை எங்களுள் பலர் அன்றுதான் கண்டோம். ஆசிரியர் பொழிப்புரை சொல்லவில்லை. அருஞ்சொற்களுக்கு மட்டும் பொருள் எழுதிவிட்டு, புலவர் என்ன சொல்கிறார் என்று ஒரு பத்தி எழுதித் தரச் சொன்னார்.

நான் எழுதிய வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது: ‘எல்லா மனிதரும் சமம் என்பதைப் புலவர் மிக அருமையாக எடுத்துரைக்கிறார்.’ மறுநாள் திரும்பி வந்த தாளில் மதிப்பெண் இல்லை; ‘சமம்’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடும், ஓரத்தில் ‘எந்த வரி?’ என்ற கேள்வியுமே இருந்தன. ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்னும் இறுதி அடிகளைக் காட்டினேன். “அதனினும் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்” என்றார். எடுத்துவிட்டால் வியத்தலும் இகழ்தலும் ஒரே எடையில் நிற்கின்றன. சேர்த்துப் படித்தால், பெரியோரை வியவாமல் இருப்பதைக் காட்டிலும் சிறியோரை இகழாமல் இருப்பதிலேயே புலவர் கூடுதல் உறுதியோடு இருக்கிறார். ‘சமம்’ என்று நான் பொத்தாம்பொதுவாக எழுதிய இடத்தில், பாட்டு அதைவிட நுட்பமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு பாடலோடு ஏறக்குறைய இரண்டு வாரம் இருந்தோம். ‘இல்லோம்’ என்று பொருள்படும் ‘இலமே’ எத்தனை முறை வருகிறது என்று ஒருநாள் எண்ணச் சொன்னார். நான்கு முறை. முதல் இரண்டும் வாழ்க்கையைப் பற்றியவை, பின் இரண்டும் மனிதரைப் பற்றியவை என்று கண்டு சொன்னவள், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த, அதிகம் பேசாத ஒரு மாணவி. “அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?” என்று அவளிடமே கேட்டார். பேரியாற்று நீரின் வழியே செல்லும் புணை, அதாவது தெப்பம், இருந்தது. அதுபோல உயிரும் முறைவழியே செல்லும் என்ற தெளிவு இருந்தது. அதை அடுத்து ‘ஆகலின்’ இருந்தது. ‘ஆகையால்’ என்று பொருள்படும் அந்தச் சொல்லைச் சுற்றி அவர் வட்டமிட்டபோது, உவமையின் அழகுக்காகவே நாங்கள் பாராட்டிக்கொண்டிருந்த பாட்டு ஒரு வாதமாக எழுந்து நின்றது. ஆற்றின் போக்கில் போகும் புணையைப் போன்றதே உயிரின் போக்கும் என்றால், ஒருவரை வியக்கவோ இகழவோ என்ன இருக்கிறது?

எழுத்துப் பயிற்சியும் இதன் தொடர்ச்சியாகவே வந்தது. ஒரு பத்தியில் கருத்து வேண்டும், அதற்குச் சான்று வேண்டும், அந்தச் சான்று கருத்தை எவ்வாறு நிறுவுகிறது என்ற விளக்கம் வேண்டும் என்றார். முதல் இரண்டும் எளிதில் கைவந்தன. மூன்றாவதில்தான் திணறினோம், மேற்கோளைக் காட்டிவிட்டு ‘இதனால் அறியலாம்’ என்று முடித்துக்கொள்வோம், ‘எப்படி அறியலாம்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவார். ஓர் உம்மையும் ஏகாரமும் அங்கே என்ன வேலை செய்கின்றன என்று பரிமேலழகர் போன்ற உரையாசிரியர்கள் நின்று சொல்வதைக் காட்டி, இந்த உழைப்புக்குத் தமிழில் நெடிய மரபு இருப்பதை உணர்த்தினார். முதல் படிக்கு அவர் மதிப்பெண் இட்டதே இல்லை. திருத்தி எழுதிய இரண்டாம் படிக்கே இட்டார். அத்தனை தாள்களையும் இருமுறை படிப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது அந்த வயதில் எங்களுக்குத் தெரியவில்லை.

அரையாண்டுத் தேர்வில் எங்களுள் பலருக்கு மதிப்பெண் குறைந்தது. விடைக்குறிப்பில் இருந்த வாக்கியங்கள் எங்கள் விடைகளில் இல்லை. பெற்றோர் கவலையோடு வந்து கேட்டபோது அவர் வாதாடாமல், ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் பாதி வேளையைத் தேர்வுப் பயிற்சிக்கு ஒதுக்கினார். அந்த வேளைகளை இழந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

எஞ்சிய வேளைகளில் நாளிதழ்த் தலையங்கங்களை, இதழின் பெயரை வெட்டி நீக்கிவிட்டு, கொண்டுவருவார். “இதில் ஆகலின் எங்கே இருக்கிறது?” என்பதே கேள்வி. காரணத்தோடு சொன்னதை ஒரு நிறத்திலும், வெறுமனே அடித்துச் சொன்னதை வேறொரு நிறத்திலும் கோடிடுவோம். ஒரு தலையங்கம் தொடக்கம் முதல் முடிவுவரை இரண்டாம் நிறமாகவே ஆகிவிட்டது. இதில் காரணமே இல்லை என்று வகுப்பு முழுவதும் முடிவுகட்டி, மணியும் அடித்து, நாங்கள் எழுந்த நேரத்தில், அந்த மாணவி மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தாள். “ஐயா, ஐந்தாம் பத்தியில் ஒன்று இருக்கிறது” என்றாள். அவர் “எந்த வரி?” என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்து தாளைப் பிரித்தோம்.