யாருக்குத் திமிர்?

போன வாரம் என் மகளைப் பார்த்து "என்ன திமிர் உனக்கு!" என்று கத்திவிட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் பேசி முடிச்சிடறேன்மா, அப்புறம் திட்டு." குரலைக்கூட உயர்த்தவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே சொல்லை நானும் வாங்கியிருக்கிறேன். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், எனக்கு ஏன் விடுப்பு இல்லை என்று மேலதிகாரியிடம் கேட்டேன். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே "திமிரா?" என்றார். பிறகு இரண்டு விரலை மட்டும் அசைத்து, போ என்று காட்டினார். காரணம் கேட்டது திமிர் என்றால், அந்த இரண்டு விரலுக்கு என்ன பெயர்?

தமிழில் சொற்களுக்கா பஞ்சம்? முகம் பார்க்காமல் பதில் சொன்னால் தெனாவெட்டு. நாம் சொன்னதையே இழுத்து நக்கலாகத் திருப்பிச் சொன்னால் எகத்தாளம். நாலு பேர் புகழ்ந்ததும் பழகியவர்களை மறந்தால் தலைக்கனம். கொழுப்பு என்பதைச் செல்லமாகவும் சொல்லிக்கொள்கிறோம். திமிர் மட்டும் பெரும்பாலும் மேலிருந்து கீழே விழுகிற சொல். மருமகளின் திமிரை மாமியார் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். மாமியாரின் திமிரை மருமகள் அடுப்படியில்தான் முணுமுணுக்க வேண்டும்.

திமிருக்கு மரத்துப்போதல் என்றும் ஒரு பொருள் உண்டு. திமிர்வாதம் என்ற நோயின் பெயரில் இருப்பது அதுதான். வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்திருக்கும். தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய காலோ என்றிருக்கும். எனக்கு இந்தப் பொருள்தான் மனதுக்குச் சரியாகப் படுகிறது. எதிரில் நிற்பவருக்கு வலிக்கும் என்பதே உறைக்காத நிலை. திமிர் பிடித்தவர் என்று, நோய் பிடித்ததைப் போலத்தானே சொல்கிறோம்? அப்படிப் பார்த்தால் அன்று மரத்திருந்தவை அந்த விரல்கள். போன வாரம், என் காது.

பாரதி புதுமைப் பெண்ணுக்குத் 'திமிர்ந்த ஞானச் செருக்கு' உண்டு என்றார். ஏசுவதற்கு வைத்திருந்த இரண்டு சொற்களையும் எடுத்து ஒரு பெண்ணுக்கு நகையாகப் பூட்டியிருக்கிறார். பள்ளியில் அதை மனப்பாடமாக ஒப்பித்தவள்தான் நான்.

மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்னும்போது, "நேத்து என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், ரெட்டைப் பின்னலும் முடிந்து ரிப்பன் கட்டுகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.