தாளிக்கொடியில் ஒரு சொட்டுத் தங்கம்

ஆறு வாரமாக ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க வண்டுகளைப் படம் எடுக்கத்தான். மேடவாக்கத்தில் எங்கள் தெருக்கோடியில் உள்ள காலி மனைதான் என் காடு. "என்ன சார், மனை வாங்கப் போறீங்களா?" என்று பால்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

முதல் மூன்று வாரம் வண்டைத் தேடி அலைந்ததில் கட்டெறும்புதான் கண்ணில் பட்டது. அப்புறம்தான் செடியைப் பார்க்கப் பழகினேன். எருக்கங்கொழுந்தில் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தால், அதைத் தின்னப் பொறிவண்டு வந்திருக்கும். தாளிக்கொடி இலை ஓட்டை ஓட்டையாக இருந்தால் அடியில் ஆமை வண்டு இருக்க வாய்ப்புண்டு. அதன் புழுவும் அங்கேதான், தன் கழிவையே வாலில் குடைபோலத் தூக்கிக்கொண்டு! செம்பருத்தியில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கறுப்பு வண்டையும் பார்த்தேன். அதைத் தொடக் கூடாது, அதன் நீர் பட்டால் தோல் கொப்பளிக்கும்.

நான்காவது வாரம் அந்த ஆமை வண்டு கிடைத்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. ஓட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி, அதன் வழியே கால் தெரிகிறது. நடுவில் உருக்கி ஊற்றியது போல் பொன். போனில் கிட்டத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸை மாட்டி, ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். படத்தில் பொன்னைக் காணோம், வெள்ளைப் பொட்டுதான் இருந்தது. இன்னும் கிட்டே போனதும் வண்டு பொத்தென்று புல்லில் விழுந்து மறைந்தது.

ஊரில் தீப்பெட்டியில் வளர்த்த பொன்வண்டு செத்துப் பல வருடம் ஆன பின்னும் பச்சை மங்காமல் மின்னியது. ஆமை வண்டின் பொன் அப்படியில்லை. ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஈரம் இருக்கும்வரைதான். செத்துக் காய்ந்தால் வெறும் பழுப்பு. பிடித்துக்கொண்டுபோய் வீட்டில் வைத்து எடுக்கலாம் என்ற யோசனையை அதோடு விட்டேன்.

இப்போது வெயில் ஏறுமுன், ஆறரைக்கே போய்விடுகிறேன். அந்நேரம் வண்டு மந்தமாக இருக்கும். இலைக்குக் கீழே இடது கையை ஏந்திக்கொள்கிறேன், விழுந்தால் உள்ளங்கையில் விழட்டும். வெளிச்சம் மென்மையாக விழ, ஃபிளாஷின்மேல் டிரேசிங் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். இந்த வாரம் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் நான்கு தேறின. ஒன்றில் பொன் அப்படியே வந்திருக்கிறது, ஆனால் உணர்கொம்பு மங்கல். அடுத்த ஞாயிறு பேப்பரை இரண்டு மடிப்பாக ஒட்டிப் பார்க்க வேண்டும்.